காட்டுப்பன்றிக்கு 12 போர் துவக்கு: தோட்டாவும் தூரமும்

வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போடுகிற எங்கள் தோட்டத்தில், பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரம் பெற்ற இரட்டைக்குழல் 12 போர் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு) துவக்கு ஒன்று அப்பா காலத்திலிருந்து இருக்கிறது. இத்தனை வருடப் பாவனையில் எனக்கு உறுதியான விஷயம்: கொம்பனித் தோட்டா, அதாவது தொழிற்சாலையில் செய்தது மட்டும், 30 மீற்றருக்குள் மட்டும்.

பன்றிக்கு எஸ்.ஜி. எனும் பெரிய சன்னத் தோட்டாதான். உள்ளே இருக்கும் ஈயக் குண்டான ஒவ்வொரு சன்னமும் 8 மில்லிமீற்றருக்கு மேல். 32 கிராம் தோட்டாவில் ஒன்பதுதான் இருக்கும். எண்ணிக்கை குறைவு என்பதால் விரிந்துபோனால் பன்றி அந்த இடைவெளியிலேயே தப்பிவிடும், அல்லது வயிற்றில் ஒன்று பட்டு ஓடும். வாய் ஒடுங்காத குழல் என்றால், 36 மீற்றரில் 76 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழுவது சன்னங்களில் சுமார் 40 வீதம். முழுதாக ஒடுங்கிய குழலில் 70 வீதம் என்பார்கள். எங்கள் சரிவில் மேலிருந்து பார்த்தால் தூரம் வேறு ஏமாற்றும். அதனால் பகலிலேயே 30 மீற்றரைக் காலடி வைத்து அளந்து, வரப்பில் வெள்ளைக் கல் வைத்திருக்கிறோம். கல்லுக்கு அப்பால் நிற்கும் பன்றியைச் சத்தம் போட்டு விரட்டுவதுதான்.

படாத சன்னம் பல நூறு மீற்றர் போகும். கீழே லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) இருக்கிற பக்கம் குழலைத் திருப்புவதே கிடையாது. பின்னால் மண்மேடு தெரிய வேண்டும்.

பாவித்த வெற்றுத் தோட்டாக் கோதில் வெடிமருந்து நிரப்பி மலிவாக விற்கிறார்கள். தயவுசெய்து தொடாதீர்கள். ஒன்று தோளை உடைக்கிற மாதிரி உதைக்கும், அடுத்தது புஸ் என்று போகும். மருந்து பலமில்லாமல், மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவில் இருக்கும் தக்கை குழலுக்குள்ளேயே நின்றுவிட்டால், அடுத்த வெடியில் குழல் பிளந்து முகத்துக்கு வரும். சட்டப்படியும் குற்றம். அதைவிட, பலமில்லாத வெடியில் சாகாமல் காயம்பட்ட பன்றி ஓடி ஒளிவது தேயிலைக்குள். விடிந்ததும் அங்கே கொழுந்து பறிக்கப் போவது நம் அக்கா தங்கைகள்.

கொம்பனித் தோட்டாவுக்கும் எங்கள் பனிமூட்டம் ஆகாது. பித்தளை அடி பச்சை பூக்கும். இறுக்கமான டப்பாவில் பூட்டி வைக்கிறோம், பழையதை முதலில் எடுக்கிறோம்.

கட்டுத்துவக்கு (மிருகம் கயிற்றில் இடறினால் தானாக வெடிக்கும் பொறி), கம்பிச் சுருக்கு இரண்டும் வேண்டவே வேண்டாம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. எங்களுக்கு இப்போது தகர வேலியும் இரவுக் காவலும்தான் பெரும்பாலான வேலையைச் செய்கின்றன. துவக்கு அலுமாரியை விட்டு வெளியே வருவது அபூர்வம்.