54-லிருந்து 76, அப்புறம் 73: வயிறு முட்டச் சாப்பிட்டு எடை தூக்கிய மூன்று ஆண்டுகள்

என் உயரம் 176 சென்டிமீட்டர். இதை ஆரம்பித்தபோது எடை 54 கிலோ. சட்டையை ஹேங்கரில் மாட்டினாலும் என் மேல் மாட்டினாலும் ஒரே மாதிரிதான் தொங்கும். உடம்பு ஏற்றியே தீருவது என்று முடிவெடுத்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நடுவில் 76 கிலோ வரை போய், இப்போது 73 சொச்சத்தில் நிற்கிறேன். ஜிம்காரர்கள் "பல்க்" என்று சொல்லும் இந்த வேலையை ஒரு தடவை முரட்டுத்தனமாகவும் ஒரு தடவை நிதானமாகவும் செய்து பார்த்தாகிவிட்டது. இரண்டுக்கும் நோட்டில் கணக்கு இருக்கிறது.

"எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது" என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம் கோச் சொன்னார்: "தம்பி, ஒரு வாரம் எதையும் மாத்தாத. வாய்க்குள்ள போறது அத்தனையையும் எடை போட்டு எழுது." எழுதினேன். ஒரு நாளைக்குச் சராசரியாக 1,900 கலோரி. காலையில் பெரும்பாலும் வெறும் காபி. சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு மூச்சு முட்டத் தின்றது மட்டும் மனசில் பளிச்சென்று நின்றிருக்கிறது. மறுநாள் பசியே எடுக்காமல் ஒரு வேளையோடு முடித்துக்கொண்டது நினைவிலேயே இல்லை. ஒல்லியாக இருக்கும் யாராவது "நான் நிறையச் சாப்பிடுவேன்" என்று சொன்னால் இப்போது எனக்குச் சிரிப்புதான் வருகிறது. சொல்பவர்மேல் தப்பில்லை, வயிற்றுக்குக் கணக்கு எழுதத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆனால் அது முழுப் பொய்யும் இல்லை. 1990-இல் வெளியான ஓர் ஆய்வில் 12 ஜோடி ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு, தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி வீதம் 84 நாட்கள் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறியது 4 கிலோ சொச்சம், இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல். ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் இருந்த இருவருக்குள் வித்தியாசம் அவ்வளவு இல்லை. 1999-இல் வந்த இன்னொன்றில், கூடுதலாகச் சாப்பிட்டதும் சிலருக்குத் தானாகவே அசைவு கூடிவிடுகிறது என்று கண்டார்கள்: கால் ஆட்டுவது, எழுந்து நடப்பது, நிலையில்லாமல் நெளிவது. நான் அந்த ரகம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் முழங்கால் தானாகத் தாளம் போடும். ஆக, ஏறுவது கடினமாக இருக்கலாம், நடக்காத காரியம் இல்லை.

முதல் சுற்றுத் திட்டம் எளிமையானது. வாரம் மூன்று நாள் ஜிம். ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது), ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேல் தள்ளுவது), பார்பெல் ரோ (குனிந்து வயிற்றை நோக்கி இழுப்பது). ஐந்தைந்து ரெப், அதாவது ஒரு மூச்சுக்கு ஐந்து தடவை. ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ கூட்ட வேண்டும். சாப்பாடு 3,500 கலோரி. ஜிம் போகும் என் உடம்பை எடை மாறாமல் வைத்திருக்க 2,300 அளவு போதும் என்பது கோச்சின் கணக்கு. மிச்சம் 1,200-உம் உபரி. "ஒல்லியா இருக்கறவனுக்கு என்ன கஞ்சத்தனம், அள்ளிப் போடு" என்று ஜிம்மில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அள்ளிப் போட்டேன்.

எடை தூக்குவதைவிடச் சாப்பிடுவதுதான் கஷ்டம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இரவு பத்தரை மணி. அன்றைய ஐந்தாவது சாப்பாடு. தட்டில் ஆறிப்போன சோறு, கோழிக்கறி, இரண்டு அவித்த முட்டை. தாடை வலிக்கிறது. நிஜமாகவே, காதுக்குக் கீழே இருக்கும் மூட்டு வலிக்கும். ஒரு வாய் எடுத்து மென்று, விழுங்க மனம் வராமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மா வந்து தட்டைப் பார்ப்பார். "வேண்டாம்னா வச்சிடேன்டா, யாரு உன்ன அடிக்கப் போறாங்க?" என்பார். சின்ன வயதில் இதே அம்மா இதே தட்டோடு என் பின்னால் ஓடியவர். அதை நினைத்தால் சிரிப்பு வரும், சிரித்தால் புரை ஏறும்.

இரண்டாவது மாதம் பெரிய டப்பா ஒன்றில் எடை ஏற்றுவதற்கென்று விற்கும் மாஸ் கெய்னர் பவுடர் வாங்கினேன். லேபிளைப் படித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். ஒரு வேளை அளவு 300 கிராமுக்கு மேல், அதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின். அதாவது சீக்கிரம் கரைந்து ரத்தத்தில் சர்க்கரையாகும் மாவுப்பொருள். குடித்த அரை மணி நேரத்தில் வயிறு உப்பும். ஸ்குவாட் போடும்போது மற்றவர்கள் தள்ளி நிற்க வேண்டிய நிலைமை. அடுத்து, தினமும் ஒரு கேலன் பால், அதாவது 3.8 லிட்டர், குடிக்கும் பழைய முறை. கொழுப்பு நீக்காத பால் என்றால் அதிலேயே 2,300 கலோரிக்கு மேல் கிடைத்துவிடும். நான் 2 லிட்டரைத் தாண்டவில்லை. ஒன்பதாவது நாள் வயிறு கைவிட்டது, விவரம் வேண்டாம்.

கடைசியில் காப்பாற்றியது மிக்ஸிதான். அரை லிட்டர் பால், இரண்டு வாழைப்பழம், 80 கிராம் ஓட்ஸ், இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய். சுமார் 1,000 கலோரி, 35 கிராம் புரோட்டீன். ஓட்ஸை முதலில் தனியாகப் பொடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் மணல் மாதிரி நிற்கும். மெல்ல வேண்டியதை மென்றால் வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி சீக்கிரம் போய்விடுகிறது. குடித்தால் அது தாமதமாகிறது. எடை குறைக்க நினைப்பவர்களைக் கவிழ்க்கும் அதே சங்கதி நமக்கு உதவி. இந்த ஒரு டம்ளரை மட்டும் இன்றுவரை விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதத்தில் 22 கிலோ ஏறினேன். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அந்த எட்டு மாதத்தை நாலு நாலாகப் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. முதல் நாலு மாதத்தில் எடை 54-லிருந்து 66. இடுப்பு 70 சென்டிமீட்டரிலிருந்து 76. ஸ்குவாட் 30 கிலோவிலிருந்து 85. அடுத்த நாலு மாதத்தில் எடை 66-லிருந்து 76. இடுப்பு 76-லிருந்து 88. ஸ்குவாட் 85-லிருந்து 100, அவ்வளவே. எடை மிஷினைக் கேட்டால் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சொல்லும். அளவு நாடாவைக் கேளுங்கள், முதல் பாதியில் ஏறியதைப் போல இரண்டு மடங்கு இடுப்பில் ஏறியிருக்கிறது. தூக்கிய எடையோ முதல் பாதியில் ஏறியதில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஏறியிருக்கிறது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. முதல் சில வாரங்களில் ஏறுவதில் ஒரு பகுதி வெறும் தண்ணீரும் வயிற்றில் கிடக்கும் சாப்பாடும்தான். தசையில் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) ஒரு கிராம் சேர்ந்தால் அதோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேரும். கூடவே, புதிதாக எடை தூக்குபவனின் உடம்பு வேகமாகத் தசை கட்டும், வேகமாகப் பலமும் பெறும். அந்தப் புதுமை தீர்ந்த பிறகு தசை வளர்வதற்கு ஒரு வேகம் உண்டு. அதற்கு மேல் கொட்டிய சாப்பாட்டைத் தசை வாங்கிக்கொள்ளாது, தொப்பைதான் வாங்கிக்கொள்ளும். நார்வேயின் உயர்மட்ட விளையாட்டு வீரர்களை வைத்து 2013-இல் வெளியான ஓர் ஆய்விலும் இதேதான்: கூடுதலாகச் சாப்பிட வைத்த குழுவுக்குக் கொழுப்பு 15 சதவீதம் ஏறியது, தன் விருப்பப்படி சாப்பிட்ட குழுவுக்கு 3 சதவீதம். தசை முதலான கொழுப்பில்லா எடையில் இரு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இதை நான் படித்தது என் இடுப்பு 88 ஆன பிறகு.

படிக்காமலே தெரிந்திருக்க வேண்டும். ஜிம் பெல்ட்டில் ஆரம்பத்தில் கடைசி ஓட்டைக்கும் உள்ளே நானே ஆணி வைத்து ஒரு ஓட்டை போட்டிருந்தேன். மாதம் ஒரு ஓட்டையாக வெளியே வந்துகொண்டே இருந்தது. "வயிற்றுத் தசையும் வளருதுல்ல" என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அக்குளுக்குப் பக்கத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் செந்நிறக் கோடுகள். இப்போது அவை வெளுத்துவிட்டன, ஆனால் போகவில்லை, போகாது. என் அறையில் வந்து தங்கியிருந்த நண்பன் ஒரு நாள் காலையில் கேட்டான்: "டேய், ராத்திரி முழுக்க லாரி ஓட்டுறியா?" அதுவரை எனக்குக் குறட்டை வந்ததே இல்லை.

நிறுத்த வைத்தது ரத்தப் பரிசோதனை. வேறொரு காரணத்துக்காக எடுத்தது. டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, 214. சாதாரணமாக 150-க்குக் கீழே இருக்க வேண்டியது. டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எக்சர்சைஸ் பண்றீங்களா?" என்று கேட்டார். வாரம் மூன்று நாள் 100 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிறவனுக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் நாலு மாதம் "கட்", அதாவது ஏறிய கொழுப்பை இறக்கும் வேலை. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. வாய் வலிக்க வலிக்க உள்ளே அனுப்பியதைப் பசியோடு உட்கார்ந்து வெளியே எடுக்க வேண்டும். 76-லிருந்து 67-க்கு வந்தேன். ஸ்குவாட் 100-லிருந்து 92.5 ஆனது, டெட்லிஃப்ட் 125-லிருந்து 120. இடுப்பு 76. நோட்டைப் பார்த்ததும் உறைத்தது: அதே 76 இடுப்பில் முதல் தடவை நின்றபோது என் எடை 66. அதாவது இரண்டாவது நாலு மாதம் ஏற்றி, அடுத்த நாலு மாதம் இறக்கியதில் கைக்கு நின்றது ஒரு கிலோவும், ஸ்குவாட்டில் ஒரு 7.5 கிலோவும். எட்டு மாதம்! ஆத்திரத்தில் அன்றைக்கு மட்டும் ஒரு முழு கேக்கைத் தின்றேன்.

டிரைகிளிசரைடு 118-க்கு வந்தது. குறட்டையும் நின்றது.

இரண்டு மாதம் எடையை அப்படியே வைத்திருந்துவிட்டு இரண்டாவது சுற்றை ஆரம்பித்தேன். இந்த முறை உபரி 250 கலோரி மட்டும். சொல்லப்போனால் மேலே சொன்ன டம்ளரில் கால் பங்கு. மாதம் அரைக் கிலோ ஏறினால் போதும் என்று வைத்துக்கொண்டேன். இதில் வேறு மாதிரிச் சித்திரவதை இருக்கிறது: எதுவும் நடப்பதாகவே தெரியாது. காலை எடை ஒரு நாள் 68.4, மறுநாள் 67.6, அதற்கடுத்த நாள் 68.9. உப்புக் கூடச் சாப்பிட்டால் ஏறும், சரியாகத் தூங்காவிட்டால் என்னமோ ஆகும். வாரத்தின் ஏழு எடையையும் கூட்டிச் சராசரி போட்டுப் பார்க்கப் பழகிய பிறகுதான் மனசு அடங்கியது. மூன்று வாரம் சராசரி அசையவில்லை என்றால் மட்டும் 100 கலோரி கூட்டுவேன்.

பதினாலு மாதத்தில் 67-லிருந்து 73.5. இடுப்பு 76-லிருந்து 80. ஸ்குவாட் 125, பெஞ்ச் 82.5, டெட்லிஃப்ட் 155, எல்லாம் ஐந்து ரெப். கழற்றி வைத்த சட்டைகள் தோளில் நுழையவில்லை, இடுப்பில் நுழைகின்றன. முதல் சுற்றில் நேர்மாறாக இருந்தது. பயிற்சியிலும் ஒரு மாற்றம் உண்டு. ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ ஏற்றுவது நடக்காது என்றான பிறகு அதே எடையில் ரெப்பைக் கூட்டி, செட்டைக் கூட்டி, அப்புறம் எடையைக் கூட்டினேன். வாரம் நாலு நாள். நோட்டில் தூக்கும் எடையோ ரெப்போ ஏறாமல் எடை மிஷின் மட்டும் ஏறினால் அந்த மாதம் என்னமோ தப்பு என்று அர்த்தம்.

புரோட்டீன் விஷயத்தில் ஜிம்மில் ஆளுக்கொரு எண் சொல்வார்கள். 2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசியதில், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராமைத் தாண்டினால் சராசரியாகத் தசைக்குக் கூடுதல் லாபம் தெரியவில்லை. 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். முட்டை, பால், கோழிக்கறியில் வந்துவிடுகிறது, குறைந்தால் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பவுடர்). தசைக்குச் சட்டென்று சக்தி தர உதவும் கிரியேட்டின் என்ற பவுடரைத் தினமும் 5 கிராம் எடுக்கிறேன், கடைசி ஒன்றிரண்டு ரெப்புக்கு உதவுகிறது. ஆரம்பித்த சில நாளில் ஒரு கிலோ ஏறியது, அது தண்ணீர். மற்ற டப்பாக்களில் போட்ட காசு போனதுதான். சர்க்கரை வியாதியோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இதில் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

முரட்டு பல்க்கில் நன்மையே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த முதல் நாலு மாதம் எனக்கு வேண்டியிருந்தது. 54 கிலோவில் நிதானமாக 250 கலோரி என்று ஆரம்பித்திருந்தால், கணக்கில் சின்னதாகப் பிசகினாலும் ஒன்றுமே ஏறாமல் மூன்றாவது மாதம் ஜிம்மை விட்டிருப்பேன். என்னைப் போல எலும்பும் தோலுமாக இருப்பவர்கள் முதல் சில மாதம் தாராளமாகவே சாப்பிடலாம். இடுப்பு வேகம் பிடித்ததும் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். நான் செய்த தப்பு ஆரம்பித்ததில் இல்லை, ஐந்தாவது மாதம் நாடாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்ததில்.

கடந்த ஐந்து மாதமாக எடையை ஏற்றாமல் இப்படியே வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மூன்றாவது சுற்று. இந்தத் தடவை இடுப்பு 84 ஆனால் எடை என்னவாக இருந்தாலும் நிறுத்துவது என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, நண்பனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அவன் கீழே இன்னொரு வரி சேர்த்துவிட்டான்: "குறட்டை கேட்டாலும்."