சொந்தமாகப் பொருத்துவதா, கடையில் வாங்குவதா, பழைய ஆபீஸ் பெட்டியா?

தங்கச்சி மகன் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு டிப்ளோமாவில் சேரப் போகிறான். மேசைக் கணினி வேண்டும், கையில் 2,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருக்கிறது. திரையும் கீபோர்டும் ஏற்கெனவே உண்டு. "மாமா, பார்ட்ஸ் வாங்கி நானே அசெம்பிள் பண்ணட்டுமா?" என்று கேட்டான். இருக்கிற மூன்று வழியையும் இரண்டு பேரும் உட்கார்ந்து அலசினோம்.

நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட். ஈப்போ நகருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். செம்பனைத் தோட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்கு இன்னும் தூரம். பெட்டி ஒருநாள் மக்கர் பண்ணினால் அதைத் தூக்கிக்கொண்டு யார் அலைவது? விலையைவிட இந்தக் கேள்விதான் எனக்குப் பெரிது.

மலிவு என்றால் பழைய ஆபீஸ் பெட்டிதான். கம்பெனிகள் கழித்துப்போட்ட டெல், எச்பி, லெனோவோ பெட்டிகளைத் துடைத்து, சரிபார்த்து விற்கிறார்கள். கட்டுரை எழுதவும் ஆன்லைன் வகுப்புக்கும் தாராளமாகப் போதும். ஆனால் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11ஐ முறையாகப் போட, கணினியின் மூளையான சிப் இன்டெல் கம்பெனியுடையது என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையாவது வேண்டும். ஆகவே வெறும் 'ஐ5' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். ஐ5-6500 என்றால் அது 6ஆம் தலைமுறை.

இன்னொரு சிக்கல், பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை. இந்தப் பெட்டிகளில் பலவற்றில் அதன் அளவும் தனி, பாகங்களையெல்லாம் மாட்டும் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் அந்தக் கம்பெனிக்கே உரியது. அது போய்விட்டால், கடையில் சாதாரணமாகக் கிடைப்பதை வாங்கி மாட்ட முடியாது.

கடையில் அசெம்பிள் பண்ணி வாங்கினால் தலைவலி குறைவு. எது எதோடு சேரும் என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், வாரண்டியும் ஒரே இடம். நானும் மகளுக்கு அப்படித்தான் ஒன்று வாங்கினேன். கொஞ்ச நாளில் விளையாட்டெல்லாம் திக்கித் திக்கி ஓடியது. மூடியைக் கழற்றினால், 16 ஜிபி ரேம் (தற்காலிக நினைவகம்) ஒரே குச்சியாக மாட்டியிருந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி, படம் காட்ட ரேமிலிருந்துதான் இடம் எடுத்துக்கொள்ளும். இரண்டு 8 ஜிபி குச்சிகளாக இருந்தால் தரவு போகும் பாதை இரட்டிக்கும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பவர் சப்ளையிலும் பெயர் ஊர் எதுவும் இல்லை. ரசீதில் '500 வாட்' என்று மட்டும் போட்டிருந்தார்கள். கடையில் வாங்குவதாக இருந்தால் ஒவ்வொரு பாகத்தின் மாடல் பெயரையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், சொந்தமாகப் பொருத்துவது. பையனுக்கு 2022இல் வந்த ஏஎம்5 மேல் ஆசை; ஏஎம்டி கம்பெனி சிப்பை மாட்டும் புது சாக்கெட் அது. அதில் டிடிஆர்5 என்ற புது வகை ரேம் மட்டுமே போகும், எங்கள் பணத்துக்கு அது எட்டவில்லை. அதற்கு முந்தைய ஏஎம்4 சாக்கெட் உள்ள மதர்போர்டில் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போதும் என்றேன். 2021இல் வந்த சிப்; 6 கோர், 65 வாட், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. பி450 என்ற ஏஎம்4 போர்டு வகையில் பழைய ஸ்டாக் என்றால், பயோஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்யாமல் இந்தச் சிப்பை அடையாளம் காணாது என்பதால் அதற்குப் பிறகு வந்த பி550 எடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வேலை. சிப்பின் அடியில் 1,331 பின், ஒவ்வொன்றும் முடி மாதிரி. மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தை சாக்கெட் முக்கோணத்தோடு சேர்த்து, நெம்புகோலைத் தூக்கி, அழுத்தாமல் வைத்தான். தானாக உள்ளே இறங்கியது. ரேமை இரண்டாவது, நான்காவது இடத்தில் 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கினான். சுவிட்சைத் தட்டினால் விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பு. நான் வாயைத் திறக்கவில்லை. போர்டு கையேட்டை அரை மணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தவன், மேல் மூலையில் சிப்புக்குப் போக வேண்டிய 8 பின் மின்கம்பியை மாட்டாமல் விட்டதைக் கண்டுபிடித்தான்.

எனக்கு வேண்டியது அந்த அரை மணி நேரம்தான். சாயங்கால இடியில் நாளைக்கே பவர் சப்ளை போனாலும் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு பவர் சப்ளை ஒன்றைத் தபாலில் வரவழைத்து அவனே மாற்றிவிடுவான்.

குறையும் உண்டு. வாரண்டி பாகத்துக்குப் பாகம் வேறு வேறு இடம். ஒன்று கெட்டால் அந்தக் கடைக்கே திருப்பி அனுப்பிக் காத்திருக்க வேண்டும். திருப்புளி பிடிக்க நேரமும் பொறுமையும் இல்லாதவர்களுக்கு இந்த வழியைச் சொல்ல மாட்டேன். வீட்டில் கணக்கு எழுதும் என் அக்காவுக்கு 8ஆம் தலைமுறை ஆபீஸ் பெட்டிதான் சொன்னேன். அதிலும் வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை உள்ள பெரிய டவராகப் பார்த்து எடுக்கச் சொன்னேன்.

மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியைப் பையன் எறியவில்லை. ரசீதுகள், மிச்சத் திருகாணிகள் எல்லாம் அதற்குள் போட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறான்.