கட்டியும் டி செல்லும்: எந்த ஒற்றைச் செல் முறை எதைக் காட்டும்?

புற்றுக்கட்டிக்குள் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் புகுந்த பிறகும் கட்டி சுருங்காமல் இருப்பதுண்டு. அங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. அந்த டி செல்கள் எந்த நிலையில் இருக்கின்றன? எந்தச் செல்லை ஒட்டி நிற்கின்றன? செல்களைத் தனித்தனியாக ஆராயும் ஒற்றைச் செல் முறைகளில் எந்த ஒன்றும் தனியே இரண்டுக்கும் பதில் தராது. அதனால் எது புதிய கருவி என்பதைவிட நம் கேள்வி எது என்பதுதான் முக்கியம்.

முதலில் தட்டு முறை. 2013-இல் வந்த ஸ்மார்ட்-செக்2, ஒவ்வொரு செல்லையும் தனிக் குழியில் வைத்து, எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று காட்டும் ஆர்.என்.ஏ.வை முழு நீளத்துக்கும் படிக்கிறது. மெலனோமா என்ற தோல் புற்று வந்த 19 நோயாளிகளின் 4,645 செல்களை ஆராய்ந்த 2016 ஆய்வு இந்த வழியில்தான் நடந்தது. ஆழம் அதிகம், செல்கள் குறைவு. அரிய செல் வகைகளைத் தேடுபவர்களுக்கு இது போதாது.

2015-இல் ஒவ்வொரு செல்லையும் ஒரு சிறு துளிக்குள் அடைக்கும் ட்ராப்-செக், இன்ட்ராப் என்ற நுண்துளி முறைகள் வந்ததும் ஆயிரக்கணக்கான செல்களை ஒரே ஓட்டத்தில் படிக்க முடிந்தது. இதற்கும் ஒரு விலை உண்டு. பெரும்பாலும் ஆர்.என்.ஏ.வின் ஒரு முனை மட்டுமே படிக்கப்படுகிறது. ஆர்.என்.ஏ. குறைவாக உள்ள நியூட்ரோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் எளிதில் விடுபட்டுப் போகின்றன. திசுவை நொதியால் பிரிக்கும்போதே செல் நெருக்கடியில் இயங்கும் ஃபாஸ், ஜுன் போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்வதால், கட்டியில் இருந்த நிலையையும் நாம் உண்டாக்கிய நிலையையும் பிரித்தறிவது கடினமாகிறது.

ஆனாலும் நுண்துளி முறையோடு, டி செல் தன் இலக்கை அடையாளம் காணும் ஏற்பியின் மரபணு வரிசையையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது பெரிய வரம். ஒரு டி செல்லிலிருந்து பெருகிய அத்தனை செல்களும் ஒரே ஏற்பியைச் சுமக்கின்றன. அதை வைத்து யார் யாருடைய வாரிசு என்று தடம் பிடிக்கலாம். டி செல்களை அடக்கும் பிடி-1 புரதத்தைத் தடுக்கும் மருந்துக்கு முன்னும் பின்னும் தோல் புற்றைப் பார்த்த 2019 ஆய்வில், சிகிச்சைக்குப் பின் பெருகியவற்றில் பல, கட்டியில் முன்பு காணப்படாத க்ளோன்கள், அதாவது ஒரே ஏற்பியைச் சுமக்கும் செல் குடும்பங்கள், என்று தெரிந்தது. சோர்ந்த பழைய செல்கள் மீண்டு எழுவதால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற எண்ணத்தை அது அசைத்தது. மரபணு அளவுகளை மட்டும் பார்த்திருந்தால் இது புலப்பட்டிருக்காது.

2017-இல் வந்த சைட்-செக் மேற்பரப்புப் புரதங்களையும் எண்ணுகிறது. டி செல் வகையை அடையாளம் காட்டும் சிடி4 போன்ற புரதங்களின் ஆர்.என்.ஏ. சரியாகப் பிடிபடாதபோது இது கைகொடுக்கும்.

செல்ஃபோன்டிபி, செல்சாட் போன்ற மென்பொருள்கள் ஒரு செல்லின் லிகண்டையும் (ஏற்பியில் பொருந்தும் மூலக்கூறு) மற்றொன்றின் ஏற்பியையும் இணைத்து உறவை ஊகிக்கின்றன. நான் இதைத் தடயமாக எடுத்துக்கொள்வேன், சாட்சியாக அல்ல. இரண்டு செல்களும் கட்டியின் எதிரெதிர் ஓரங்களில் இருந்திருக்கலாமே! பிக்-செக் இதில் நேர்மையானது: உண்மையாகவே ஒட்டியிருக்கும் ஜோடிகளைப் பிரித்தெடுத்துப் படிக்கிறது. ஆனால் தளர்வாக ஒட்டியவை வழியிலேயே பிரிந்துவிடும்.

அப்புறம், திசுவைக் கலைக்காமல் எந்த மரபணு எங்கே இயங்குகிறது என்று காட்டும் இட வரைபடங்கள். இவ்வகையில் விசியம் என்ற முறையின் முதல் பதிப்பில் படிக்கப்படும் ஒரு புள்ளியின் அகலம் 55 மைக்ரோமீட்டர். அதற்குள் பல செல்கள் அடங்கிவிடும். மெர்ஃபிஷ், ஸீனியம் போன்றவை தனிச் செல் வரை போகும், ஆனால் முன்பே தேர்ந்தெடுத்த மரபணுக்களுக்கு மட்டும். செல் எல்லையை வரைவதிலும் சிக்கல் இருக்கிறது. டி செல் புற்றுச் செல்லோடு நெருக்கி ஒட்டியிருக்கும் இடத்தில்தான் ஒன்றின் ஆர்.என்.ஏ. மற்றொன்றின் கணக்கில் விழுகிறது. நமக்கு அதிகம் தேவைப்படும் இடமும் அதுதான்.

புதிய திசு கையில் இருந்தால், ஒரு பாதியை நுண்துளி முறைக்கும் ஏற்பி வரிசைக்கும் கொடுங்கள். அதில் கிடைத்த மரபணுக்களை வைத்து மறு பாதிக்கு இட வரைபடம் எடுங்கள். ஃபார்மலினில் பதப்படுத்திய பழைய மெழுகுக் கட்டைகள் மட்டும்தான் உண்டு என்றால், க்ளோன் கேள்வியை ஒதுக்கிவிட்டு இட வரைபடத்துக்கே போய்விடலாம்.