காசு கொடுத்து வாங்கிய பிடிஎஃப் காம்போனென்ட்டுக்குள் இருந்தது இன்னொருவருடைய நிரல்

பெங்களூருவில் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்களும் தனியாக ஒப்பந்த வேலை எடுத்துச் செய்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். "இலவச லைப்ரரி ஆபத்து, காசு கொடுத்து வாங்கினால் சட்டச் சிக்கலே வராது" என்று பயமுறுத்திக்கொண்டு ஒருவர் உங்கள் அலுவலகத்துக்கும் வரக்கூடும். எங்களிடம் அப்படி வந்தவர் விற்றது இன்னொருவருடைய லைப்ரரியை, அதாவது பிற மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல் தொகுப்பை. அதையும் அதன் உரிமத்தை மீறி, சொந்தப் பெயர் ஒட்டி விற்றார்.

நாங்கள் பொம்மனஹள்ளியில் டாட்நெட்டில் வேலை செய்யும் சிறு குழு. மருத்துவமனைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதி, அவர்களுடைய சர்வரிலேயே நிறுவித் தருகிறோம். பில், ஆய்வக அறிக்கை எல்லாம் பிடிஎஃப் கோப்பாக வர வேண்டும். அதற்கான காம்போனென்ட் தேடிய நேரத்தில்தான் அந்த விற்பனைப் பிரதிநிதி வந்தார். சேலத்துக்காரர், பேச்சில் மரியாதை தெரிந்தவர்.

"இலவசமாகக் கிடைப்பதை மருத்துவமனைக்குக் கொடுக்காதீர்கள் அண்ணா. 2021 டிசம்பரில் லாக்4ஜே எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்தது!" என்றார். லாக்4ஜே என்ற இலவச ஜாவா லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது உண்மைதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் காசுக்கு விற்ற தயாரிப்புகள் பலவற்றுக்குள்ளும் அதே லாக்4ஜே இருந்தது என்பதையும், அவையும் அவசரமாகத் திருத்தப்பட்டன என்பதையும் அவர் சொல்லவில்லை.

என் கூட்டாளி வயதில் மூத்தவர், எதையும் நேராகக் கேட்பார். "தம்பி, இதற்குள் வேறு யாருடைய நிரலாவது இருக்கிறதா?" என்றார். "ஒரு வரிகூட இல்லை அண்ணா, எல்லாம் எங்கள் சொந்த நிரல்" என்று பதில் வந்தது. அதையே மின்னஞ்சலிலும் எழுதி வாங்கிய பிறகுதான் பணம் கொடுத்தோம்.

உண்மை வெளிவந்தது ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவு வழியாக. பழைய பிடிஎஃப் ஒன்றில் பக்க எண் சேர்க்கும் வசதியை அவர்கள் சோதித்துப் பார்த்து, கோப்பின் பண்புகளைத் திறந்திருக்கிறார்கள். கோப்பைத் தயாரித்த மென்பொருளின் பெயர் இருக்கும் வரியில் 'ஐடெக்ஸ்ட்ஷார்ப்' என்றும், பக்கத்திலேயே 'ஏஜிபிஎல்' என்றும் இருந்தது. ஐடெக்ஸ்ட்ஷார்ப் என்பது ஐடெக்ஸ்ட் என்ற பிடிஎஃப் லைப்ரரியின் டாட்நெட் வடிவம், ஏஜிபிஎல் ஒரு திறமூல உரிமம். புதிதாக உருவாகும் கோப்புகளில் அந்த வரியை அழித்திருந்த விற்பனையாளர், இருக்கும் கோப்பைத் திருத்தும் இடத்தில் அழிக்க மறந்துவிட்டார். உடனே காம்போனென்ட்டின் டிஎல்எல் கோப்பை, உள்ளே இருக்கும் நிரலைப் படிக்கக் காட்டும் ஐஎல்ஸ்பை என்ற கருவியில் திறந்தோம். வகுப்புகளின் பெயர்களையெல்லாம் மாற்றிக் குழப்பியிருந்தார்கள். உள்ளே இருந்த பிழைச் செய்திகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து ஐடெக்ஸ்ட்ஷார்ப்பினுடையவை.

இதில் எங்களுக்கு என்ன கேடு என்று கேட்கலாம். ஐடெக்ஸ்ட் 2009இல் ஐந்தாம் பதிப்பிலிருந்து ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. அதைச் சேர்த்து ஒரு மென்பொருளை வாடிக்கையாளரிடம் கொடுத்தால், அந்த முழு மென்பொருளின் மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ் தர வேண்டும். முடியாதென்றால் ஐடெக்ஸ்ட்டிடம் வணிக உரிமம் வாங்க வேண்டும். இரண்டுமே நேர்மையான வழிகள், ஐடெக்ஸ்ட் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் விற்பனையாளர் இரண்டையும் செய்யாமல், அந்தப் பொறுப்பை எங்கள் தலையில் கட்டினார். நாங்கள் அதை அறியாமலே மருத்துவமனைகளுக்குக் கடத்தியிருக்கிறோம். என்னை இன்றும் கொதிக்கவைப்பது இதுதான்.

கேட்டபோது முதலில் "பழைய பதிப்பின் கோளாறு" என்றார்கள். பிறகு, நிரலைத் திறந்து பார்த்ததே ஒப்பந்த மீறல் என்று எங்களையே மிரட்டினார்கள். அந்தச் சேலத்துத் தம்பி தொலைபேசியை எடுப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று வழக்கறிஞரிடம் கேட்டோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார், சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு மட்டுமே விலக்கு உண்டு என்றார். எனவே உரிமையியல் நீதிமன்ற வழிதான். மின்னஞ்சலில் வாங்கிவைத்த அந்த ஒரு வரியை முன்வைத்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம்.

காம்போனென்ட்டை முழுவதும் பிடுங்கிவிட்டு, நம் மூலநிரலைத் தரச் சொல்லாத எம்ஐடி உரிமத்தில் கிடைக்கும் பிடிஎஃப்ஷார்ப்புக்கு மாறினோம். இலவசம்தான், ஆனால் மூலநிரலும் உரிமமும் எவர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கின்றன. இதற்காக இலவசம் எல்லாம் பத்திரம் என்று நான் சொல்லவில்லை. எக்செல் கோப்புக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஈபிபிளஸ் 2020இல் ஐந்தாம் பதிப்பிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டணம் கேட்கிறது. சோதனை நிரல் எழுத உதவும் ஃபுளுயன்ட் அசர்ஷன்ஸ் 2025 ஜனவரியில் எட்டாம் பதிப்பில் அதையே செய்தது. யோசிக்காமல் புதிய பதிப்புக்கு மாறினால், நேற்றுவரை செல்லுபடியான உரிமம் இன்று செல்லாது. குவெஸ்ட்பிடிஎஃப் போன்றவற்றில் நிறுவனத்தின் ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குக் கீழே இருந்தால்தான் இலவசம். பதிப்பு எண்ணோடு உரிமத்தையும் எழுதிவையுங்கள்.

காசுக்கு வாங்குவதென்றால், உள்ளே இருக்கும் வெளியார் லைப்ரரிகளின் பட்டியலைக் கையெழுத்தோடு கேளுங்கள். உரிமம் மீறப்பட்டால் இழப்பை விற்பவர் ஏற்பதாக ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்க வேண்டும். நல்ல நிறுவனங்கள் இரண்டையும் தயங்காமல் தருகின்றன. ஏற்கெனவே வாங்கியிருந்தால், அது உருவாக்கும் கோப்பு, திருத்தும் கோப்பு, இணைக்கும் கோப்பு மூன்றின் பண்புகளையும் தனித்தனியே திறந்து பாருங்கள்.

இன்னொன்று. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க அவர்கள் எங்கள் கார்டில் மறுபடியும் பணம் எடுக்க முயன்றார்கள். 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததால் தடுக்க முடிந்தது. அந்தச் செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். தானியங்கிப் பற்று அனுமதியை வங்கிச் செயலியிலேயே ரத்து செய்துவிடுங்கள்.