மூலையில் வந்து மிரட்டும் பொய் எச்சரிக்கை: எங்கே நிறுத்துவது?

திரையின் வலது கீழ் மூலையில், சிவப்பு முக்கோணக் குறியுடன் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று ஓர் அறிவிப்பு. மூடினால் பத்து நிமிடத்தில் அடுத்தது. போன மாதம் அப்பா பயந்துபோய்க் கணினியையே அணைத்துவிட்டார். பெரும்பாலும் அது வைரஸ் அல்ல. அறிவிப்பு அனுப்பலாமா என்று ஏதோ ஒரு தளம் கேட்டபோது 'அனுமதி' பொத்தானை அழுத்தியதன் விளைவு.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் என்று போய், குரோம் பிரவுசருக்கு எதிரே உள்ள சுவிட்சை அணைப்பது ஒரு வழி. அரை நிமிட வேலை. ஆனால் குரோம் வழியாக வரும் மின்னஞ்சல், காலண்டர் நினைவூட்டல்களும் சேர்ந்தே அடங்கிவிடும். அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதியோ அப்படியே இருக்கும். அவசரத்துக்கு மட்டுமே இது சரி.

நான் குரோமுக்கு உள்ளேயே சரிசெய்தேன். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அப்பாவின் பட்டியலில் ஆறு பெயர்கள். நான்கு வாயில் நுழையாதவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி 'பிளாக்' கொடுத்தேன். 'ரிமூவ்' போதாது, அந்தத் தளம் மறுபடி அனுமதி கேட்கும். எதைத் தடுப்பது என்று தெரியாவிட்டால் அறிவிப்பையே உற்றுப் பாருங்கள்: அனுப்பிய தளத்தின் முகவரி அதில் சிறிய எழுத்தில் இருக்கும். அறிவிப்பின் மேல் மட்டும் சொடுக்கிவிடாதீர்கள்.

அப்பாவுக்கு இப்போது இன்சூரன்ஸ் தவணை நினைவூட்டல் மட்டும் வருகிறது.