பாங்காக் அரண்மனை வாசலில் ‘இன்று லீவு’ என்பவரை நம்பாதீர்கள்

ஐம்பத்தெட்டு வயதில் எடுத்த முதல் பாஸ்போர்ட். மொத்தம் நான்கு நாள். 1782இல் தாய்லாந்து மன்னர் முதலாம் ராமா கட்டத் தொடங்கிய பெரிய அரண்மனையையும் அதற்குள் இருக்கும் மரகத புத்தரையும் பார்க்க, காலை ஒன்பதரைக்கே வீட்டம்மாவுடன் கிளம்பிப் போய்விட்டேன்.

வெள்ளை மதிலோரம் நடக்கும்போது ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. “இந்தியாவா? காலையில் பிக்குகள் பூஜை, ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். அதுவும் இந்த டிரவுசரோடு விடமாட்டார்கள்” என்று என் முழங்காலைக் காட்டினார். முழங்கால் தெரிந்தால் விடமாட்டார்கள் என்பது உண்மை. அந்த ஒரு உண்மையை வைத்துக்கொண்டு மற்றதையும் நம்பிவிட்டேன்.

அதுவரை சுற்றிப் பார்க்க அவரே ஒரு துக்துக்கை நிறுத்தினார். நாலு இடத்துக்கு 40 பாட், நம்ம காசுக்கு நூறு ரூபாய். சென்னை ஆட்டோக்காரர்களிடம் பேரம் பேசியே வயதானவன் நான். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வந்தது சந்தோஷம்தான்.

முதலில் ஆளில்லாத ஒரு சின்னக் கோயில். அங்கே உட்கார்ந்திருந்தவர் பேச்சுவாக்கில், “நீலக்கல்லுக்கு இன்று வரி கிடையாது, கடைசி நாள்” என்றார். முன்பின் தெரியாத ஆள் பொய் சொல்வாரா என்று நினைத்தேன். அடுத்து டிரைவர் நிறுத்திய இடமே கல் கடை! ஏசி, குளிர்ந்த டீ, அட்டகாசமான உபசரிப்பு. ஒரு மோதிரம், 9,500 பாட், கார்டில் தேய்த்தாயிற்று. பிறகு ஒரு தையற்கடை. “சும்மா பத்து நிமிடம் உள்ளே இருங்கள், ஆள் கூட்டிவந்ததற்கு வண்டிக்கு கேஸ் போட எனக்குக் கூப்பன் கிடைக்கும்” என்று டிரைவரே சொன்னபோதுதான் உறைத்தது.

அரண்மனைக்குத் திரும்பும்போது மணி மூன்றே முக்கால். டிக்கெட் மூன்றரையோடு முடிந்துவிடும். காலை 8.30க்கே திறந்தாயிற்று என்றார் காவலர். அரச விழா என்றால் எப்போதாவது மூடுவார்களாம். அதையும் வாசல்வரை போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், வழியில் யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். ஏமாந்துவிட்டால் சுற்றுலா போலீஸ் எண் 1155. எனக்கு அது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

மயிலாப்பூரில் தெரிந்த ஆசாரி லென்ஸை என் கையிலேயே கொடுத்தார். “உள்ளே குமிழ் தெரியுதா சார்? கண்ணாடி.” வங்கியில், நீங்களே பின் நம்பர் போட்டிருக்கிறீர்களே என்று கைவிரித்துவிட்டார்கள்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. கடைசி நாளை அயுத்தயாவுக்கு வைத்திருந்தோம். 1767இல் பர்மியப் படை அழித்த பழைய தலைநகரம். அந்த நாளை அரண்மனைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தலைக்கு 500 பாட் கொடுத்து உள்ளே போய், சுவர் முழுக்க ஓவியமாகத் தீட்டியிருக்கும் ராமாயணத்தைப் பார்த்து நான் வாய்பிளந்து நின்றபோது, வீட்டம்மா சொன்னாள்: “எல்லாம் சரிங்க, அயுத்தயாவுல அந்த மர வேருக்குள்ள இருக்கிற புத்தர் தலையப் பாக்காமப் போறோமே.”