வியூஃபைண்டர் பளிச்சென்று திரும்பி வந்ததா? பேட்ச் இருக்கிறதா என்று பாருங்கள்

பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் (இரண்டு உருவங்களை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்கிற கேமரா) வியூஃபைண்டரை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலை, சுத்தம் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னுடைய யாஷிகா எலெக்ட்ரோ 35 ஜிஎஸ்என் கேமராவை ஒருவர் சர்வீஸ் என்ற பெயரில் பாழாக்கினார். பாழாக்கியதை மறைத்தார். திரும்பக் கொண்டுபோய்க் கேட்டபோது அதன்மேல் இன்னொரு பாழ்வேலை செய்து, அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார். அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் வேலை செய்த விதத்தைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த விதத்தைத் தெரிந்துகொண்டால் யாரிடம் போனாலும் ஏமாறாமல் இருக்கலாம்.

கேமரா என் பெரியப்பா வைத்திருந்தது. ஷட்டர் சரி, மீட்டர் சரி, லென்ஸில் ஒரு கீறல் கிடையாது. ஒரே குறை, வியூஃபைண்டருக்குள் வெளுப்பாக ஒரு மங்கல். ஐம்பது வயதை எட்டிய கேமராவில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். உள்ளே இருக்கும் கிரீஸும் எண்ணெயும் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, கண்ணாடிகளின் மேல் படலமாகப் படியும். தூசியும் சேரும். ஈரமான அலமாரியில் இருந்திருந்தால் பூஞ்சையும் சேரும். ஆனால் அந்த மங்கலிலும் நடுவில் இருக்கும் பேட்ச், அதாவது ஃபோகஸ் பார்க்க இரண்டாவது உருவம் தெரியும் சின்னக் கட்டம், தெளிவாகத் தெரிந்தது. காட்சி முழுக்க லேசான நீலம், பேட்ச் மட்டும் மஞ்சள். இந்த நீலத்தையும் மஞ்சளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

கேமராவை வாங்கிக்கொண்டவர், "சின்ன வேலை சார், மேல்மூடியைக் கழற்றித் துடைச்சா போதும்" என்றார். சொன்ன நாளில் கொடுத்தும் விட்டார். கையில் கொடுக்கும்போது, "இப்ப பாருங்க சார், புதுசு மாதிரி இருக்கும்" என்றார். கண்ணை வைத்தேன். உண்மையிலேயே பளிச்சென்று இருந்தது. மங்கல் இல்லை. நீலமும் இல்லை. வெறும் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி நிறமே இல்லாத வெளிச்சம். பேட்ச்சைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஃபோகஸ் வளையத்தை முழுக்கத் திருப்பியும் எதுவும் நகரவில்லை. கேட்டேன். உடனே கேமராவை வாங்கி, மேலே எரிந்துகொண்டிருந்த பல்பை நோக்கிப் பிடித்து, "இதோ பாருங்க, ரெண்டா தெரியுதுல்ல? வளையத்தைத் திருப்புங்க, ஒண்ணா சேரும்" என்றார். பார்த்தேன். பல்பு இரண்டாகத் தெரிந்தது, சேரவும் சேர்ந்தது. "பழைய கேமராவுல பேட்ச் இவ்வளவுதான் சார் வரும்" என்று முடித்துவிட்டார்.

அந்தப் பல்பு வித்தை எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்குகிறேன், ஏனென்றால் இதைத் தெரியாமல் பணம் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இருப்பார்கள்.

ரேஞ்ச்ஃபைண்டருக்குள் இரண்டு பாதைகளில் காட்சி வருகிறது. ஒன்று கண்ணுக்கு நேரே இருக்கும் பெரிய ஜன்னல் வழியாக. மற்றது கொஞ்சம் தள்ளி இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணுக்குக் காட்டுவது பீம் ஸ்ப்ளிட்டர் என்கிற சின்னக் கண்ணாடித் துண்டு. சாய்வாக நிற்கும் அந்தக் கண்ணாடியின் ஒரு முகத்தில் மிக மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். நேரே வரும் ஒளியில் ஒரு பங்கை அது உள்ளே விடும், பக்கத்திலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் திருப்பும். அந்தக் காலத்து ஜப்பானியக் கேமராக்கள் பலவற்றில் இந்தப் பூச்சு தங்க நிறத்தில் இருக்கும். மெல்லிய தங்கப் படலம் மஞ்சளைத் திருப்பிவிட்டு, நீலப் பச்சையை உள்ளே விடும். காட்சி நீலமாகவும் பேட்ச் மஞ்சளாகவும் தெரிவது இதனால்தான். நிற வேறுபாடு இருப்பதால் இரண்டு உருவங்களையும் கண் சட்டென்று பிரித்துப் பார்க்கிறது.

இந்தப் பூச்சுக்கு மேலே பாதுகாப்பு என்று பெரிதாக எதுவும் இருக்காது. பல கேமராக்களில் ஈரப் பஞ்சால் ஒரே ஒரு தடவை இழுத்தால் போதும், பூச்சு பஞ்சோடு வந்துவிடும். வந்த பிறகு மிஞ்சுவது வெறும் கண்ணாடி. ஒளி தடையில்லாமல் உள்ளே வரும், நீலம் போய்விடும், முன்பைவிடப் பளிச்சென்று இருக்கும். அவர் தன் திறமைக்கு அத்தாட்சியாகக் காட்டிய அந்தப் பளிச், பீம் ஸ்ப்ளிட்டர் செத்துப் போனதற்கான அத்தாட்சி.

பல்பு ஏன் இரண்டாகத் தெரிந்தது? பூச்சு இல்லாத கண்ணாடியும் கொஞ்சம் ஒளியைத் திருப்பும், ஒரு முகத்துக்கு ஏறக்குறைய 4 சதவீதம். எரிகிற பல்பைக் காட்ட அது போதும். ஒரு மனித முகத்தையோ, மர இலையையோ, புத்தக அலமாரியையோ காட்டப் போதாது. ரேஞ்ச்ஃபைண்டரைப் பழுது பார்க்கிற ஒருவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. தெரிந்துதான் அறையில் இருந்த ஒரே பிரகாசமான பொருளை நோக்கிக் கேமராவைப் பிடித்தார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இதன்மேல்தான். கை தவறுவது யாருக்கும் நடக்கும். பூச்சு போய்விட்டது என்று அன்றே சொல்லியிருந்தால் வேறு கண்ணாடி போட வழி பார்த்திருப்பேன், அவர்மேல் வருத்தம்கூட இருந்திருக்காது.

அடுத்த தடவை போனபோது ஒரு கட்டத்தில் ஒப்புக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி துடைக்கிற நீலத் திரவத்தைப் பஞ்சில் தொட்டு எல்லாக் கண்ணாடியையும் துடைத்திருக்கிறார். பீம் ஸ்ப்ளிட்டரையும், ஃபோகஸ் வளையத்தோடு சேர்ந்து நகரும் கண்ணாடியையும் சேர்த்து. அந்தத் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு, பழைய உலோகப் பூச்சுகளை அது கெடுக்கக்கூடும். "ஒரிஜினல் ஸ்ப்ளிட்டர் என்கிட்ட இருக்கு சார், மாத்தித் தர்றேன்" என்று சொல்லித் தனியாகப் பணம் கேட்டார். கொடுத்தேன். கழற்றிய பழைய கண்ணாடியைக் கேட்டதற்குத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

திரும்பி வந்த கேமராவில் பேட்ச் இருந்தது, ஆனால் காட்சி மொத்தமும் மாலை இருட்டில் பார்ப்பது போல் ஆகியிருந்தது. கம்பிகளைப் பார்த்தால் ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் நிழல்போல இன்னொரு கம்பி. ஃபோகஸ் வளையத்தை முடிவிலியில் (மிகத் தொலைவுக்கான அளவில்) வைத்து, தொலைவில் இருக்கும் கோபுரத்தைப் பார்த்தால் இரண்டு உருவமும் சேரவில்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரு ரோல் எடுத்துக் கழுவியபோது கிட்டத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் கண்ணுக்குப் பதில் காது ஃபோகஸில் இருந்தது. இந்தக் கேமராவின் 45 மி.மீ. லென்ஸை எஃப் 1.7-இல் முழுக்கத் திறந்து, அதன் மிகக் குறைந்த தூரமான 0.8 மீட்டரில் எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு மயிரிழை தவறினாலும் முகம் போய்விடும்.

அதன்பிறகு கேமராக்களை உண்மையாக நேசிக்கிற வேறொரு டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன். என் கண்முன்னே மூடியைக் கழற்றினார். உள்ளே புதிய ஸ்ப்ளிட்டர் எதுவும் இல்லை. அதே பழைய கண்ணாடி, பூச்சு சுரண்டப்பட்டு, அதன்மேல் கார் கண்ணாடியில் ஒட்டும் சன் ஃபிலிமில் ஒரு துண்டு. ஃபிலிமுக்கு அடியில் காற்றுக் குமிழிகள். அது ஒளியை விழுங்கியதால் இருட்டு. ஃபிலிமின் முகத்திலும் கண்ணாடியின் பின்முகத்திலும் தனித்தனியே ஒளி திரும்பியதால் இரட்டைக் கம்பி. இதைவிடக் கொடுமை, கண்ணாடியை இடத்தில் நிறுத்த முதல் ஆள் சூப்பர் க்ளூ போட்டிருந்தார். சூப்பர் க்ளூ காயும்போது வெளிவரும் ஆவி, பக்கத்தில் இருக்கிற கண்ணாடிகளில் வெள்ளைப் படலமாக இறங்கும். மூடிய கேமராவுக்குள் அது போக வேறு இடம் கிடையாது. நகரும் கண்ணாடியின் மேலும், படத்தின் எல்லையைக் காட்டும் ஃப்ரேம் கோடுகள் இருக்கும் கண்ணாடியின் மேலும் அந்த வெள்ளை படிந்திருந்தது. எந்த மங்கலை எடுக்கக் கொடுத்தேனோ, அதைவிட மோசமான மங்கல். சரிசெய்யும் திருகுகளின் மேல் இருந்த பழைய அரக்கு உடைக்கப்பட்டு, திருகுகளின் வாய் சிதைந்து கிடந்தது.

நல்ல வேலை எப்படி நடக்கும் என்பதை இந்த இரண்டாவது டெக்னீஷியனிடம்தான் பார்த்தேன். வெளி ஜன்னல்கள், கண் வைக்கும் கண்ணாடி, ஃப்ரேம் கோட்டுக் கண்ணாடி ஆகியவற்றை லென்ஸ் டிஷ்யூவில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டுத் துடைக்கலாம். அதிலும் கோடுகள் அச்சான முகத்தைப் பார்த்துத்தான் தொட வேண்டும். பீம் ஸ்ப்ளிட்டருக்கும் நகரும் கண்ணாடிக்கும் பிளோயர் காற்று மட்டும். அதற்குப் போகாத தூசி இருந்தால் இருக்கட்டும், பேட்ச்சுக்கு அது கெடுதல் செய்யாது. மங்கலில் பெரும்பகுதி இந்த ஸ்ப்ளிட்டரில் இருப்பதும் இல்லை, கண் வைக்கும் கண்ணாடியின் உள்முகத்திலும் முன் ஜன்னலின் உள்முகத்திலும்தான் அதிகம். அதாவது என் கேமராவில் பஞ்சு தொட்டிருக்க வேண்டிய தேவையே இல்லாத இடத்தை முதல் ஆள் தொட்டு அழித்திருக்கிறார்.

பூச்சு போனபின் மீட்க வழக்கமான வழி, ஒரு முகத்தில் பூச்சு உள்ள புதிய பீம் ஸ்ப்ளிட்டர் கண்ணாடியை அளவாக வெட்டிப் போடுவது. பழையதன் தடிமனுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், பூச்சு முகம் முன்பு பார்த்த பக்கமே பார்க்க வேண்டும், சாய்வு மாறக் கூடாது. ஒட்டுவதற்கு மெதுவாக இறுகும் எபாக்ஸி. பிறகு முதலில் மேல் கீழ் விலகலைச் சரிசெய்து, அடுத்து ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பொருளில் முடிவிலியை வைத்து, கடைசியாகக் கிட்டத் தூரத்தையும் பார்க்க வேண்டும். கிட்டத் தூரத்தைப் பார்க்க, பின்கதவைத் திறந்து ஃபிலிம் ஓடும் இடத்தில் பனிக்கண்ணாடி வைத்து, ஷட்டரைத் திறந்து நிறுத்தி, லூப் என்னும் உருப்பெருக்கியால் பார்க்கிறார்கள். முடிவிலி சரியாக இருந்துவிட்டால் கிட்டத்திலும் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆகவே கொடுக்கும் முன் கேளுங்கள்: பீம் ஸ்ப்ளிட்டரை எதனால் சுத்தம் செய்வீர்கள்? "ஸ்பிரிட்", "பஞ்சு" என்று பதில் வந்தால் கேமராவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். கொடுப்பதற்கு முன் போனின் கேமராவை வியூஃபைண்டரில் வைத்து, பேட்ச் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள், வாங்கும்போது அதே இடத்தில் நின்று ஒப்பிடலாம். வாங்கும்போது பல்பைப் பார்க்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கம்பியையோ அச்செழுத்தையோ பாருங்கள். கழற்றிய எந்தப் பாகத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லைக்கா எம்3 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1954-இல் வந்த அந்தக் கேமராவில் பூச்சு வெளியே தெரியாது, ஒட்டப்பட்ட இரண்டு ப்ரிஸங்களுக்கு நடுவே இருக்கும். அதனால் பஞ்சுக்குத் தப்பிவிடும். ஆனால் அந்த ஒட்டு கனடா பால்சம் என்னும் மரப்பிசின். கீழே விழுந்தாலோ, சால்வென்ட் உள்ளே இறங்கினாலோ பிரிந்துவிடும், வியூஃபைண்டர் இருண்டு போகும். அதைத் திரும்ப ஒட்டுவது சாதாரண சர்வீஸ்காரர் கை வைக்கிற வேலை அல்ல.

என் கேமராவில் இப்போது புதிய ஸ்ப்ளிட்டர் இருக்கிறது. பேட்ச் முன்போல் மஞ்சள் இல்லை, வெள்ளையாகத்தான் தெரிகிறது, ஆனாலும் ஃபோகஸ் சேருகிறது, படங்கள் கூர்மையாக வருகின்றன. நகரும் கண்ணாடியில் படிந்த க்ளூ வெண்மையைத் துடைத்தால் அதன் பூச்சும் போய்விடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள், வெயிலில் பேட்ச் கொஞ்சம் கலங்கித் தெரியும். முதல் ஆளிடம் கொடுத்த பணம் திரும்பவில்லை. கேட்டதற்கு, சன் ஃபிலிம் போடுவது எல்லோரும் செய்கிற வேலைதான் என்றார். அப்படி ஃபிலிம் ஒட்டிய கேமராக்கள் விற்பனைக்கும் வரும், ஆகவே "வியூஃபைண்டர் சுத்தம் செய்யப்பட்டது" என்று யாராவது விற்றால், பணம் அனுப்பும் முன் பேட்ச் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கேட்டு வாங்குங்கள். அனுப்ப மறுத்தால் அந்தக் கேமரா வேண்டாம்.